ஆக்காட்டி நடந்த சேலை

எழுபதுகளின் பின்பாதியில் வந்த ஒரு கோடை அது. எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருடம் என்பதால் நன்றாக நினைவிருக்கிறது. நடந்தது பாதி எங்கள் எடப்பாடியில், பாதி என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்த மோகனூரில், காவிரியின் வடகரையில். நடுவில் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு ஒரு டவுன் பஸ் பயணமும் உண்டு. அந்தப் பஸ் பயணத்தை என் மனைவி இன்றுவரை மறக்கவில்லை, என்னை மறக்க விடுவதும் இல்லை.

சேலைக்கு டிசைன் எழுதுவது என் தொழில். எங்கள் பக்கம் டிசைன் வரைவது என்று சொல்ல மாட்டார்கள், எழுதுவது என்றுதான் சொல்வார்கள். கட்டம் போட்ட கிராப் தாளில் ஒவ்வொரு கட்டமாக வண்ணம் வைத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு கட்டம் என்பது தறியில் ஒரு நூல். அந்தத் தாளைப் பார்த்து அட்டையில் ஓட்டை அடிப்பார்கள். அட்டைகளைக் கோத்துத் தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டிவிட்டால், நெய்பவர் மிதிக்க மிதிக்க மாங்காயும் மயிலும் தானாகச் சேலையில் விழும். தெருவில் நான் நடந்து போனால், "டிசைன்காரர் போறாருங்க" என்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

அந்த வருடம் பங்குனியில், செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் தெருச் சேலைகளை வாங்கி ஊர் ஊருக்கு அனுப்பும் ஜவுளிக்கடை முதலாளி என்னை வரச் சொல்லியிருந்தார். போனேன். கடையில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் இரண்டு சேலைகளை எடுத்து விரித்தார். ஒன்று நான் எழுதியது. இன்னொன்று வேறு ஏதோ ஊரிலிருந்து வந்தது. இரண்டிலும் ஒரே மயில், ஒரே தோகை, ஒரே மாதிரி திரும்பிய கழுத்து.

"ஏந்தம்பி, இந்த மயிலு ரெண்டும் அண்ணந்தம்பிங்களா?" என்றார்.

கடையே சிரித்தது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த ஊர்க்காரர் என்னைப் பார்த்து எழுதியிருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். மனசுக்குத் தெரியும், நானும் அவரும் ஒரே பட்டுச் சேலையைப் பார்த்துத்தான் எழுதியிருந்தோம். எல்லாரும் அப்படித்தான் எழுதினோம். முதலாளி சிரிப்பை நிறுத்திவிட்டுத் தெளிவாகச் சொன்னார். ஆடிப்பெருக்குக்கு அவருக்குப் புதுச் சேலை வேண்டும். வேறு எந்தக் கடையிலும் இல்லாத டிசைன் வேண்டும். என்னால் முடிந்தால் எங்கள் தெருத் தறி முழுக்க அந்த வேலை. முடியாவிட்டால் இனி டிசைனை வேறு ஆளிடம் எழுதி வாங்கிக்கொள்வார், நான் அந்தக் கடைப்பக்கம் வர வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். சித்திரை பிறந்து வெயில் ஓட்டுக் கூரையைக் காய்ச்சியது. தாளில் பென்சிலை வைத்தால் மாங்காய் வந்தது. அழித்தால் அன்னம் வந்தது. அதையும் அழித்தால் மறுபடி மாங்காய். கை அத்தனை வருடமாகப் பழகின தடத்திலேயே போய்க்கொண்டிருந்தது. எனக்கென்று சொந்தமாக ஒரு கோடுகூடக் கிடையாதா என்ற பயம் அப்போதுதான் முதல் முறையாக வந்தது. அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன்.

பொறுத்துப் பார்த்த என் மனைவி ஒரு நாள் என் துணிகளைப் பையில் வைத்து வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். மோகனூரில் அக்கா குழந்தைக்குக் காதுகுத்து. தறியில் நெய்வதற்குப் பாவு நூல் ஏற்றியிருந்ததால் தன்னால் வர முடியாது, நான் மட்டும் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வர வேண்டும் என்றாள். "இங்க உக்காந்து எங்க உசுர எடுக்காதீங்க" என்பதுதான் அவள் சொன்ன காரணம்.

காதுகுத்து முடிந்த மறுநாள் விடிகாலையில் ஆற்றுக்குப் போனேன். மேட்டூரில் தண்ணீரை நிறுத்தியிருந்த மாதங்கள் அவை. வடகரையில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டின தூரம் மணல். தண்ணீர் ஒரு சிறு ஓடையாக எதிர்க்கரையோரம் ஒதுங்கிக் கிடந்தது. இடையிடையே குட்டைகளாகத் தேங்கிய நீர், அதன் அடியில் பாசி படிந்த கரும்பச்சை. ஒரு பக்கம் நாணல். மணலிலேயே குழி வெட்டி வெள்ளரிக்காய் போட்டிருந்தார்கள். ஊற்று தோண்டிப் பெண்கள் குடத்தில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஆடியில் வந்தால் பொங்கி ஓடும் ஆற்றைத்தான் எல்லாரும் அழகு என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கோடையில் ஆறு என்ன இருக்கிறது பார்க்க என்று அலட்சியமாகத்தான் இறங்கினேன்.

நாலு எட்டு வைத்ததும் தலைக்கு மேலே கத்த ஆரம்பித்தது ஒரு ஆள்காட்டிக் குருவி. எங்கள் பக்கம் ஆக்காட்டி என்போம். பக்கத்தில் எங்கோ முட்டை இட்டிருக்கிறது போல. என்னைத் திட்டிக்கொண்டே எதிரே இறங்கி, மஞ்சள் காலைத் தூக்கித் தூக்கி வைத்து மணலில் ஓடி, நின்று, திரும்பிப் பார்த்து, மறுபடி ஓடியது. வேறு பக்கம் என்னை இழுத்துப்போகிற தந்திரம். நான் அது காட்டிய பக்கம் போகவில்லை. அது ஓடின தடத்தைக் குனிந்து பார்த்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று விரல். நடுவிரல் நீளம், மற்ற இரண்டும் சற்றே விரிந்து. ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்று இடப்பக்கம் சாய்ந்து, அடுத்தது வலப்பக்கம் சாய்ந்து, ஈரமணலில் ஆற்றோடு நீளமாகப் போயிருந்தது. வெயில் சாய்வாக விழுந்ததால் ஒவ்வொரு சுவடுக்குள்ளும் கொஞ்சம் நிழல் இருந்தது. சேலை பார்டர் என்பதும் நீளமாகப் போவதுதானே. இத்தனை நாள் நான் தேடியது என் காலடியில் கிடந்தது. அதை எந்தச் சேலையிலும் எவரும் எழுதியிருக்கவில்லை.

பத்து நாளும் விடிந்ததும் ஆற்றில்தான் இருந்தேன். மணலில் குப்புறப் படுத்துக்கொண்டு, அளவுகோலால் சுவட்டை அளந்து, நோட்டில் குறித்துக்கொண்டேன். பத்து மணிக்கு மேல் மணல் சுடும், கரையேறிவிடுவேன். வெள்ளரித் தோட்டக்காரர் இரண்டு நாள் தூரத்திலிருந்து பார்த்தார். மூன்றாம் நாள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பவ்வியமாக வந்து நின்றார்.

"ஏனுங்க, மணலு அளக்க வந்த ஆபீசருங்களா? எங்க வெள்ளரிக்கு ஒண்ணும் வில்லங்கம் வராதுங்களே?"

குருவிக் காலை அளக்கிறேன் என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வெயிலு ஏறுதுங்க சாமி, தலைக்குத் துண்டு போட்டுக்குங்க" என்று ஒரு வெள்ளரிப்பிஞ்சைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்.

ஊருக்குத் திரும்பி, ராப்பகல் பாராமல் என்று சொல்ல மாட்டேன், பகலெல்லாம் எழுதினேன். ஈரமணல் நிறத்தில் உடல். தேங்கின நீரின் கரும்பச்சையில் பார்டர். பார்டரில் வெள்ளை நூலில் குருவியின் சுவடு, ஆற்றில் பார்த்த அதே இடைவெளியோடு. சுவட்டுக்கும் சுவட்டுக்கும் நடுவில் நாலு விரல் அகலத்துக்கு வெறும் பச்சை. அந்த வெற்றிடம்தான் அழகு என்று எனக்குப் பட்டது. மற்றவர்கள் இண்டு இடுக்கு விடாமல் அடைப்பார்கள், நான் விட்டுக் காட்டுகிறேன் பார் என்ற வீம்பும் இருந்தது.

இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பார்டரில் பூ விழ வேண்டிய இடத்தில் வெள்ளை நூல் மேலே வரும். பூ இல்லாத இடத்தில் அந்த நூல் சேலையின் பின்பக்கம் போய், அடுத்த பூ வரைக்கும் பிடிப்பில்லாமல் கிடக்கும். அது கட்டைவிரல் அகலத்துக்கு மேல் போகக் கூடாது என்பது தொழில் கற்கப் போன முதல் வாரத்திலேயே சொல்லித்தருகிற விதி. எனக்கும் தெரியும். தெரிந்தேதான் ஒதுக்கி வைத்தேன். காப்பி அடிப்பவர்களுக்குத்தான் விதியெல்லாம், புதிதாக எழுதுகிறவனுக்கு எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். மாதிரிச் சேலை நெய்த பங்காளி, "பின்னால நூலு நீளமாக் கெடக்குதுப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னான். "நீ மேல பாரு" என்று அவன் வாயை அடைத்துவிட்டேன்.

மனைவியிடம் சேலையைக் காட்டவே இல்லை. அவளை அசத்த வேண்டும் என்று வைத்திருந்தேன். செவ்வாய்ப்பேட்டை முதலாளிக்கு ஒரு பழக்கம் உண்டு. மடித்து வைத்த சேலையைப் பார்த்து ஆர்டர் தர மாட்டார். ஒரு பெண் கட்டி நடந்து காட்ட வேண்டும். எப்போதும் அவர் வீட்டு அம்மாவே கட்டிப் பார்ப்பார். இந்தத் தடவை என் மனைவியையே கட்டிக்கொண்டு வரச் சொல்கிறேன் என்று பெருமையாகச் சொல்லியனுப்பியிருந்தேன். புறப்படும் காலையில்தான் சேலையை அவள் கையில் கொடுத்தேன். விரித்துப் பார்த்துச் சிரித்தாள். "குருவி நடந்திருக்குது" என்றாள். நான் ஒன்றும் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டாள். எனக்குக் கால் தரையில் படவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்படுத்தினேன், பின்பக்கத்தை அவளும் பார்க்கவில்லை.

சேலத்தில் இறங்கி டவுன் பஸ் மாறினோம். கூட்டம். வழியிலேயே இரண்டு முறை குனிந்து காலைச் சரிசெய்தாள், ஏதோ மாட்டுகிறது என்றாள். நான் கவனிக்கவில்லை. முதலாளியிடம் என்ன பேச வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்ப்பேட்டையில் நான் முதலில் இறங்கிவிட்டேன். அவள் படியில் ஒரு காலை வைத்தாள். அடுத்த கால் வரவில்லை. காலில் போட்டிருந்த மெட்டி, பார்டரின் பின்பக்கம் தொங்கிய நூலில் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டது. பஸ் நகர ஆரம்பித்திருந்தது. தலைகீழாக வந்தவளைக் கண்டக்டர் தோளைப் பிடித்து இழுத்தார், ஒரு பூக்கார அம்மா கூடையைப் போட்டுவிட்டுக் கீழேயிருந்து தாங்கினார். பஸ்ஸின் பின்சக்கரம் அவள் கொசுவத்தை உரசிக்கொண்டு போனது. இன்னும் ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் சக்கரம் அவள் மேலேயே ஏறியிருக்கும்.

ஒரு மளிகைக்கடை வாசலில் மூட்டை மேல் அவளை உட்கார வைத்தார்கள். முழங்கையிலும் முட்டியிலும் சிராய்ப்பு. யாரோ சோடா கொடுத்தார்கள். அவள் சிராய்ப்பைப் பார்க்கவில்லை. பார்டரைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். நூல் நூலாக இழுத்துச் சுருண்டு, குருவிக் கால் நாலைந்து கோணிப்போயிருந்தது. தறிக்காரர் வீட்டில் பிறந்தவள், ஒரு பார்வையிலேயே புரிந்துவிட்டது.

"ஏனுங்க, இத எழுதும்போது, கட்டறவளுக்குக் காலு இருக்குதுங்கற நெனப்பே வர்லீங்களா?" என்றாள்.

அவள் கத்திக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிதானமாகக் கேட்டாள். கடைக்குப் போக வேண்டாம், இப்படியே ஊருக்குப் போய்விடலாம், இந்தத் தொழிலே வேண்டாம் என்றேன். அவள் எழுந்து சேலையை உதறிக்கொண்டு, நொண்டி நொண்டிக் கடையைப் பார்த்து நடந்தாள். வேறு வழியில்லாமல் பின்னால் போனேன்.

நடந்ததை மறைக்காமல் சொன்னேன். முதலாளி எங்களை உட்கார வைத்து, உள்ளேயிருந்து மஞ்சள் பற்று வரவழைத்துக் கொடுத்தார். பிறகு அவர் வீட்டு அம்மாவின் சேலை ஒன்றை என் மனைவிக்கு மாற்றக் கொடுத்து, என் சேலையைக் கையில் வாங்கினார். முதலில் பின்பக்கம். தொங்கும் நூலுக்கு அடியில் விரலை விட்டுத் தூக்கினார், ஆள்காட்டி விரல் முழுசாக நுழைந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் மேல்பக்கம் திருப்பினார். அதை வெகுநேரம் பார்த்தார்.

"இது யாரப் பாத்து எழுதுனது?"

"யாரையும் பாத்து இல்லீங்க. ஆத்துல குருவியப் பாத்து எழுதுனதுங்க."

"குருவி நல்லா நடக்குது. கட்டுனவங்கதான் நடக்க முடியல" என்றார். பத்து நாள் தருகிறேன், பெண்கள் கட்டி நடக்கிற மாதிரி கொண்டு வாருங்கள், அதற்குமேல் ஆடிக்கு நெய்து முடிக்க நாள் போதாது என்றும் சொன்னார்.

வீட்டில் மறுபடி தாளும் பென்சிலும். சுவடுகளை நெருக்கி வைத்துப் பார்த்தேன். ரேஷன் கடை வரிசையில் குருவிகள் நிற்பதுபோல் இருந்தது. நடுவில் வழக்கமான ருத்ராட்சப் பூவை வைத்துப் பார்த்தேன். விதிப்படி எல்லாம் சரி, ஆனால் அது என் சேலையே இல்லை. மூன்று நாள் இப்படியே போய்விட்டது. அதற்குள் அணையைத் திறக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. தண்ணீர் வந்துவிட்டால் அப்புறம் அடுத்த கோடை வரை அந்த மணலைப் பார்க்க முடியாது.

"வாங்க, ஒருக்கா போயிப் பாத்துட்டு வந்தர்லாம்" என்றாள் மனைவி. எல்லாம் என் நோட்டில் இருக்கிறது, புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது என்று முறுக்கிக்கொண்டேன். அவள் முட்டியில் இன்னும் காயம் ஆறவில்லை. அதைப் பார்த்ததும் முறுக்கு போய்விட்டது. அன்றே மோகனூருக்குப் பஸ் ஏறினோம்.

மறுநாள் காலை நாங்கள் புறப்படும்போதே அக்கா, "தண்ணி தொறந்துட்டாங்களாமா, எந்நேரமும் வந்துரும். நடு ஆத்துக்குப் போயர்றாத சாமி" என்று வாசலில் நின்று சொன்னாள். மணலில் இறங்கினோம். ஆக்காட்டி அங்கேதான் இருந்தது. இப்போது அதன் பின்னால் இரண்டு குஞ்சுகள், உருண்டை உருண்டையாக ஓடிக்கொண்டிருந்தன. பெரிய சுவடுகளுக்குப் பக்கத்திலேயே குட்டிக் குட்டிச் சுவடுகள்.

நான் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு பழைய அளவையே மறுபடி சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தடத்தின் ஓரமாகவே நடந்தாள். கொஞ்ச தூரம் போய்க் குந்தினாள். என் நோட்டை வாங்கிப் பார்த்தாள். மணலைப் பார்த்தாள். மறுபடி நோட்டைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இந்தக் கோடெல்லாம் உங்க படத்துல எங்க?"

எந்தக் கோடு என்று கேட்டேன். அவள் விரலால் காட்டினாள். தண்ணீர் வற்றிப் போகும்போது மணலில் விட்டுப்போன அலைத்தடம். மெல்லிய வரிகளாக, நெளிநெளியாக, குருவி போன வழிக்குக் குறுக்கே வரிசையாகக் கிடந்தது. ஒரு சுவட்டுக்கும் அடுத்த சுவட்டுக்கும் நடுவில் ஐந்தாறு வரிகள். பத்து நாள் அதன் மேலேயே படுத்திருந்தேன். அதை நான் அழுக்கு என்று நினைத்தேனோ, மணல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டேனோ தெரியவில்லை. என் நோட்டில் குருவி வெறும் காகிதத்தில்தான் நடந்திருந்தது. ஆற்றில் வெற்றிடம் என்று ஒன்று இருக்கவே இல்லை.

அவள் காட்டியது கோடுதான். நான் அதில் நூலைப் பார்த்தேன். ஒவ்வொரு அலைவரியிலும் வெள்ளை நூல் ஒரே ஒரு கட்டத்துக்கு மேலே வந்து தலைகாட்டிவிட்டு உடனே கீழே போனால் போதும். மேல்பக்கம் மெல்லிய நெளிவு தெரியும், குருவியை மறைக்காது. பின்பக்கம் எந்த நூலும் விரல் நுழையும் அளவுக்குத் தொங்காது. விதியும் மீறவில்லை, அழகும் கெடவில்லை. அந்த மணலிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊற்றில் நின்ற பெண்கள் பார்க்கிறார்கள் என்று அவள் வெடுக்கென்று உருவிக்கொண்டாள்.

எழுத ஆரம்பித்தேன். வரிக்கும் வரிக்கும் எத்தனை இடைவெளி, எங்கே இரண்டு வரி சேர்ந்து ஒன்றாகிறது, சுவடு விழுந்த இடத்தில் வரி எப்படி உடைகிறது. பாதி எழுதியிருப்பேன், ஊற்றுப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கரையைப் பார்த்து ஓடினார்கள். "தண்ணி வருதுங்கோ!" என்று குரல் வந்தது. மேற்கே திரும்பிப் பார்த்தேன். வெள்ளமாகப் பாய்ந்து வரும் என்று நினைத்தால், அது தவழ்ந்து வந்தது. நுரையும் சருகும் வைக்கோலும் முன்னால் தள்ளிக்கொண்டு, உலர்ந்த மணலை உறிஞ்சவிட்டு, நின்று, மறுபடி நகர்ந்தது. ஆக்காட்டி கத்திக் கத்திக் குஞ்சுகளை நாணல் மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் என் வேட்டி நுனியை நனைக்கும்வரை நான் எழுதினேன். மனைவி என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரையேற்றினாள். திரும்பிப் பார்த்தபோது சுவடும் இல்லை, வரியும் இல்லை. அவை இரண்டும் என் நோட்டில் மட்டும் இருந்தன.

ஊருக்கு வந்து எழுதினேன். இந்த முறை ஒவ்வொரு நாள் வேலையையும் அவளிடம் காட்டினேன். முந்தானையில் குஞ்சுகளின் சுவடு வர வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். பங்காளி நெய்து முடித்ததும் அவனிடமே பின்பக்கத்தைக் கொடுத்து, "இப்பச் சொல்லு" என்றேன். உள்ளங்கையால் தடவிப் பார்த்து, "வழுக்குதப்பா" என்றான்.

பத்தாம் நாள் செவ்வாய்ப்பேட்டைக் கடையில் மாடிப்படி ஏறி இறங்கிக் காட்டினாள் என் மனைவி. ஒரு தடவை அல்ல, ஏழு தடவை. மெட்டியைக் கழற்றவில்லை, வேண்டுமென்றே காலை இழுத்து இழுத்து வைத்தாள். "போதும் தாயி, எங்க படி தேஞ்சிரப் போகுது" என்று முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். எங்கள் தெருவில் அடுத்த நாளே தறிகளுக்கு அட்டை மாட்டினார்கள். தெரு முழுக்க ஒரே டிசைன் ஓடுகிற சத்தம் எனக்கு மட்டும் தனியாகக் கேட்கிற மாதிரி இருந்தது.

ஆடிப்பெருக்குக்கு இருவரும் மோகனூர் போனோம். ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. நாங்கள் நடந்த மணல் எத்தனை ஆழத்தில் கிடக்கிறதோ. படித்துறையில் நிற்க இடமில்லை. முளைப்பாரி, மஞ்சள், காதோலை கருகமணி, பெண்கள் கூட்டம். நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை, காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். "அடி வாங்கப் போறீங்க" என்று மனைவி இடித்தாள். ஒன்று கண்ணில் பட்டது. அப்புறம் இன்னொன்று. பதினொன்று வரை எண்ணினேன். யார் யாரோ, எந்த ஊரோ. அவர்கள் படியில் இறங்க இறங்க, குருவி நடந்து போய்க் காவிரியைத் தொட்டது. ஒருத்திக்கும் கால் தடுக்கவில்லை.

அப்போது பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அந்த வெள்ளரித் தோட்டக்காரர். சலவை வேட்டியில் அடையாளமே தெரியவில்லை. "மணலு அளந்தவருதானுங்களே?" என்று சிரித்தார். பக்கத்தில் அவர் சம்சாரம் புதுச் சேலையில் நின்றிருந்தார். நாமக்கல் கடையில் எடுத்ததாம். என் சேலை. அவரே சொல்லட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் அந்தப் பார்டரைக் குனிந்து பார்த்து, என் மனைவியிடம் சொன்னார்: "எவனோ நம்ம ஆத்துல வந்து பாத்துத்தானுங்க இத எழுதியிருக்கோணும். இது ஆக்காட்டி காலு. அதுவும் தண்ணி வத்துன மணல்ல நடந்தது. பாருங்க, வரி கெடக்குது."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் எழுதினேன் என்று சொல்ல நாக்கு துடித்தது. கடைசியில் அவள்தான், "இவருதானுங்க எழுதுனாரு" என்றாள். அவர், நான் அன்று தன் தோட்டத்துப் பக்கம் மணலில் குப்புறப் படுத்திருந்ததை எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆற்றுக் காற்று என்று துடைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் எத்தனையோ டிசைன் எழுதிவிட்டேன். நூல் இழுத்துக் கோணின அந்த முதல் சேலையை மனைவி தூக்கிப் போடவில்லை, பெட்டியில் என் கண்ணில் படுகிற மாதிரி மேலாகவே வைத்திருக்கிறாள். மாதிரிச் சேலை எது வந்தாலும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பி விரலை விட்டுப் பார்ப்பேன், அப்புறம் அவளிடம் கொடுத்து நடந்து காட்டச் சொல்வேன், அதற்குப் பிறகுதான் மேல்பக்கம். பாராட்டு நிறையக் கேட்டிருக்கிறேன், ஆனால் என் பெயர்கூடத் தெரியாத ஒருவர், ஆற்றிலேயே பாடுபட்ட மனுஷர், தன் சம்சாரத்தின் காலடியில் குனிந்து குருவியையும் மணலையும் சேர்த்து அடையாளம் சொன்னாரே, அதை நினைத்தால் இந்த வயதிலும் என் நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது, உடனே அந்தப் பஸ் படியும் நினைவுக்கு வந்து தலை தானாகக் குனிந்துவிடுகிறது.